ஊருக்கு வராத கணக்கு

அரசு மருத்துவ நிலையங்களுக்கு வரும் பணத்தைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் இப்போது ஒரே பதில்தான் கிடைக்கிறது: "யூசி எல்லாம் அனுப்பியாச்சு, நிலுவை எதுவும் இல்லை." பயன்பாட்டுச் சான்றிதழைத்தான் அலுவலகங்களில் யூசி என்கிறார்கள். கூடவே இன்னொரு சமாதானமும் வருகிறது. பணம் முழுவதும் பி.எஃப்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் இணைய முறை வழியாகப் போகிறது, ஒவ்வொரு ரூபாயும் டெல்லியில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரிகிறது, இதற்கு மேல் என்ன வெளிப்படைத்தன்மை வேண்டும் என்கிறார்கள். கொரோனாக் காலத்து அவசர நிதியைப் பற்றிக் கேட்டாலும் இதே பதில்தான். டெல்லிக்குத் தெரிவது டெல்லிக்குப் போதும். எங்கள் விருதுநகர் மாவட்டத்துப் பரளச்சிக்குப் போதாது.

தணிக்கையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தணிக்கை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை உத்தரப் பிரதேசம் காட்டிவிட்டது. தேசிய ஊரக சுகாதார இயக்கத்தின் பணம் அங்கே சூறையாடப்பட்ட காலத்தில், 2010-லும் 2011-லும் லக்னோவில் இரண்டு தலைமை மருத்துவ அலுவலர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் ஏறக்குறைய ஏழரை லட்சம் பயனாளிகள் ஒரே கைபேசி எண்ணில் பதிவாகியிருந்ததை 2023-இல் வெளியே கொண்டுவந்ததும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைதான். இணையவழிப் பட்டுவாடா வந்த பிறகு பழைய காசோலை மோசடிகள் கடினமாகியிருக்கின்றன. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருட்டைத் தடுப்பது ஒரு வேலை, பணம் நோயாளிக்குப் பயன்பட்டதா என்று பார்ப்பது வேறு வேலை. நம் முறை முதல் வேலையைச் செய்துவிட்டு, இரண்டாவதையும் செய்து முடித்ததாகக் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறது.

2005 ஏப்ரலில் ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது அதில் ஒரு நல்ல யோசனை இருந்தது. எந்தத் தலைப்பிலும் கட்டிப்போடாத கொஞ்சம் பணத்தை நேராகக் கீழே அனுப்புவது. துணை சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு 25,000, பராமரிப்புக்கு 50,000, நோயாளர் நலச் சங்கத்துக்கு ஒரு லட்சம். ஒவ்வொரு கிராமத்தின் சுகாதாரக் குழுவுக்கும் 10,000. தொகைகள் பிறகு மாறின, நோக்கம் மாறவில்லை. எது அவசரம் என்று ஊரே முடிவு செய்யட்டும் என்பதற்காகத்தான் கிராம சுகாதார செவிலியரும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டுக் கணக்கு வைக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் நலச் சங்கத்தில் ஊர்க்காரர்களுக்கும் இடம் தரப்பட்டது. பணம் இப்படி ஊர் வரைக்கும் வந்தது. கணக்கு மட்டும் ஊருக்குள் வரவே இல்லை.

யூசி எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 12-ஏ என்று ஒரு படிவம். முன்னாண்டு மீதி, அதற்கு வந்த வட்டி, இந்த ஆண்டு வரவு, மொத்தம், செலவு, கடைசி இருப்பு என்று கட்டங்கள். கீழே சான்றுரை: நிபந்தனைகள் நிறைவேற்றப்பட்டன என்று திருப்தியடைந்தேன், பணம் எதற்குத் தரப்பட்டதோ அதற்கே செலவானது. அதன் கீழே நிதி அலுவலரும் நிறுவனத் தலைவரும் கையெழுத்திட வேண்டும். அடைந்த பலனைப் பற்றியும் அதில் ஒரு வரி உண்டு, இணைப்பில் காண்க என்று. அந்த இணைப்பை எழுதுகிறவர் செலவு செய்தவரேதான். மருத்துவமனை வாசலில் காத்துக் கிடந்தவரின் சொல்லுக்கு அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

பெயர் வேண்டாம், இந்த வட்டாரத்து நிலையம் ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் கைப்பட்டை தையல் விட்டுப் போயிருந்தது. காற்றை ஏற்றினால் பட்டை பிரிந்து வந்துவிடும். செவிலியர் ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுகையால் பந்தை அமுக்கினார். வந்திருந்தவர் மிளகாய்க் காட்டில் பழம் எடுத்துவிட்டு நேராக வந்த அம்மா. இரண்டு தடவை பார்த்தும் அளவு சரியாக வரவில்லை, மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். அந்த அறையின் சுவரில் புது வண்ணம், வாசலில் புதுப் பெயர்ப்பலகை. பட்டைக்கு ஆகிற செலவு சில நூறு ரூபாய். கேட்டபோது, வண்ணம் அடிக்கப் பணம் வந்தது, அதற்கு யூசியும் போட்டாயிற்று, பட்டை கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம் என்றார்கள். அந்தக் கணக்கில் பொய் எதுவும் கிடையாது. வண்ணத்துக்கு ரசீது இருக்கிறது, கடைக்காரருக்குப் பணம் வங்கி வழியே போயிருக்கிறது, இருப்புப் பதிவேட்டில் பக்கம் இருக்கிறது. எந்தத் தணிக்கையாளர் வந்தாலும் குறை சொல்ல முடியாது. அந்த அம்மாவின் ரத்த அழுத்தம் என்ன என்பது மட்டும் அன்று யாருக்கும் தெரியாமல் போனது.

இதற்கு அந்தச் செவிலியரைக் குறை சொன்னால் அநியாயம். பிக்மி, எச்.எம்.ஐ.எஸ்., யூ-வின், நிக்‌ஷய், தொற்றா நோய்க்கான செயலி என்று அவர் தகவல் பதிவேற்ற வேண்டிய இணையப் பதிவேடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அத்தனையும் மேலே போகிற தகவல்கள். 'காயகல்ப்' விருது வந்த பிறகு சுத்தத்துக்கும் மதிப்பெண் உண்டு, மாவட்டத்தில் முதலிடம் பிடித்தால் இரண்டு லட்சம் ரூபாய் உண்டு. சுத்தம் வேண்டியதுதான், அந்த விருதால் பல நிலையங்களின் கழிப்பறைகள் திருந்தியிருக்கின்றன. ஆனால் மதிப்பெண் போட வருகிறவர்களும் துறையால் அனுப்பப்படுகிறவர்களே. நிலையத்தின் பார்வை வாசல் பக்கம் திரும்பவே வழியில்லாமல், எந்நேரமும் மாவட்டத் தலைநகரைப் பார்த்தே இருக்கும்படி ஆக்கிவிட்டோம்.

கொரோனா நிதியில் இந்தக் கோளாறு பெரிதாகத் தெரிந்தது. 2020 ஏப்ரலில் மத்திய அரசு 15,000 கோடி ரூபாயில் முதல் அவசரத் தொகுப்பை அறிவித்தது. 2021 ஜூலை 8 அன்று இரண்டாவது தொகுப்புக்கு ஒப்புதல் தந்தது: 23,123 கோடி, அதில் மாநிலங்களின் பங்கும் அடக்கம். ஆக்சிஜன், தீவிர சிகிச்சைப் படுக்கைகள், குழந்தைகள் சிகிச்சைப் பிரிவுகள் எல்லாவற்றையும் 2022 மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும். ஒன்பது மாதக் கெடு வைத்தால், வாங்குவது எதுவோ அதுவே சாதனையாகிவிடும். வாங்கியதை இயக்க ஆள் உண்டா, அடுத்த ஆண்டு பழுதானால் யார் பார்ப்பார்கள் என்ற கேள்விகள் யூசியின் எந்தக் கட்டத்திலும் அடங்காது. தலைமைத் தணிக்கையாளரின் பெரிய ஆய்வு இதையெல்லாம் கேட்கிறது, உண்மை. ஆனால் தமிழ்நாட்டின் பொதுச் சுகாதாரக் கட்டமைப்பைப் பற்றி, 2016 முதல் 2022 வரையிலான ஆண்டுகளை ஆராய்ந்த அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2024 டிசம்பரில். அதற்குள் அந்த ஆண்டுகளில் ஆள் இல்லாத மருத்துவமனைக்கு வந்து திரும்பியவர்கள் எங்கே இருக்கிறார்களோ.

எழுதிவைத்தது உரியவருக்குப் போய்ச் சேராவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் விருதுநகர் மாவட்டமே சாட்சி. 2018 டிசம்பரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞர் 2016-லேயே ஒருமுறை கொடுத்திருந்தார், அப்போதே தொற்று கண்டறியப்பட்டிருந்தது. அது அவருக்குப் போய்ச் சேரவில்லை. வேறொரு பரிசோதனையில் தெரியவந்ததும் ஓடிவந்து எச்சரித்தவர் அவர்தான், அதற்குள் ரத்தம் ஏறிவிட்டது. இது பணக் கணக்கு இல்லை, பரிசோதனைக் கணக்கு. ஆனால் நோய் ஒன்றுதான்: பதிந்துவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பது, யாருக்காகப் பதிகிறோமோ அவரை மறந்துவிடுவது.

ஊர்க்காரர்களுக்குக் கணக்குப் புரியுமா என்று சிலர் கேட்கிறார்கள். இந்தக் கேள்வி எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-லேயே தன் 17-ஆம் பிரிவில் கிராம சபை மூலம் சமூகத் தணிக்கை நடக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. இதே திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள், வருகைப் பதிவேட்டில் யார் பெயர் வேலைக்கு வராமலே ஏறியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டக்கூடியவர்கள். வட்டியும் தவணையும் மனக்கணக்காய்ப் போடுகிற சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு, ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த ஒன்றே முக்கால் லட்ச ரூபாயின் வரவு செலவு புரியாது என்று எந்த அதிகாரி சொல்ல முடியும்? சமூகத் தணிக்கையும் பல இடங்களில் சடங்காகிப்போனது என்பது சரி. சடங்காகவாவது அங்கே ஒரு கூட்டம் நடந்தது. மருத்துவப் பணத்துக்கு அதுவும் இல்லை.

மருத்துவ சேவையை ஊரே கூடிக் கேள்வி கேட்பதைத் தமிழ்நாட்டில் ஒருமுறை செய்தே பார்த்திருக்கிறார்கள். 2007-இல் ஊரக சுகாதார இயக்கம் ஒன்பது மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பை முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது, அதில் தமிழ்நாடும் ஒன்று. இங்கே தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பொறுப்பேற்றது. கிராமத்தார் கூடி, செவிலியர் வந்தாரா, மருந்து இருந்ததா, காசு கேட்டார்களா என்று பேசி, ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டார்கள். எழுதத் தெரியாதவருக்கும் விளங்கும் அறிக்கை அது. அதை வைத்துக்கொண்டு மருத்துவ அலுவலரோடு உட்கார்ந்து பேசினார்கள். அந்த முயற்சி மாநிலம் முழுவதுக்குமான நிலையான முறையாக வளரவில்லை. பி.எஃப்.எம்.எஸ். வளர்ந்தது. மேலிருப்பவர் பார்க்கும் கருவிக்கு மட்டும் எப்படியோ பணமும் ஆளும் கிடைத்துவிடுகிறது.

கணக்கை ஊர் பார்க்கும்படி வைப்பது முடியாத காரியமல்ல. அமெரிக்காவில் 2020-இல் கொரோனாவுக்காக மருத்துவ நிறுவனங்களுக்கு 178 பில்லியன் டாலர் நிவாரணம் ஒதுக்கினார்கள். 10,000 டாலருக்கு மேல் வாங்கியவர் கட்டாயம் அறிக்கை தர வேண்டும், ஆண்டில் 7,50,000 டாலர் அல்லது அதற்கு மேல் அரசுப் பணத்தைச் செலவிட்டவர் வெளித் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்று விதித்தார்கள். அந்த முறையிலும் குறைகள் உண்டு. ஆனால் எந்த மருத்துவமனை எவ்வளவு வாங்கியது என்ற பட்டியலைப் பெயரோடும் ஊரோடும் இணையத்தில் போட்டார்கள். பக்கத்து மருத்துவமனை வாங்கிய தொகையை அந்த ஊர்க்காரர் யாரிடமும் மனுக் கொடுக்காமல் பார்த்துக்கொள்ளலாம். நம் தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவும் ஒவ்வொரு அலுவலகமும் தன் ஒதுக்கீட்டையும் செலவையும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்றுதான் சொல்கிறது. இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துக்காக ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் தருகிறது. எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு எடுத்தாயிற்று என்பது அதில் இருக்கும். நாடே பாராட்டிய ஏற்பாடு அது. அந்த பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தை நகலெடுத்துச் சுவரில் ஒட்ட என்ன செலவாகும்? இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில் ஒட்டுகிற அட்டைகளைவிடக் குறைவுதான்.

2025-இல் நிலைமை இன்னும் மோசமானது. விருதுநகர் உட்படப் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தேர்தல் நடத்தாமல் நிர்வாகத்தைத் தனி அலுவலர்களிடம் கொடுத்தார்கள். ஊருக்காகக் கூட்டுக் கையெழுத்திட வேண்டிய இடத்தில் அரசு அலுவலரே உட்கார்ந்தார். அரசே கொடுத்து, அரசே செலவழித்து, அரசே சான்றளித்து, அரசே தணிக்கை செய்தால் அதில் ஊருக்கு என்ன இடம்? இதைப் பொறுப்புடைமை என்று எவ்வளவு நல்ல அதிகாரி வந்து சொன்னாலும் நான் ஏற்க மாட்டேன்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும். ஊராட்சியின் வரவு செலவு அங்கே படிக்கப்படுகிறது. அதே கூட்டத்தில் சுகாதார நிலையத்தின் கணக்கையும் மருத்துவ அலுவலரோ அவர் சார்பில் ஒருவரோ வந்து படிக்க வேண்டும் என்று ஒரு அரசாணை போட்டால் போதும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பரளச்சி, திருச்சுழி, நரிக்குடி, ரெட்டியபட்டி என்று எந்த ஊர்க்காரராக இருந்தாலும், வரும் கிராம சபைக்கு முன்பே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுங்கள்: போன ஆண்டு எங்கள் நிலையத்துக்கு எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது, கேட்டும் இன்னும் வராதது எது. செவிலியரை மடக்கிக் கேட்காதீர்கள், மருத்துவ அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வந்த பதிலைக் கிராம சபையில் எல்லோரும் கேட்கும்படி உரக்கப் படியுங்கள்.