'எச்சரிக்கை கொடுத்தும்': ஒரு வாக்கியம், இரண்டு தீர்ப்பு

ஒக்கி புயலைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும்: மீனவர்களுக்கு எச்சரிக்கை கொடுத்தார்களா, இல்லையா? அந்தச் சண்டையில் ஒரு பங்கு வானிலையைப் பற்றியது. இன்னொரு பங்கு நம் வாக்கியங்களைப் பற்றியது.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "எச்சரிக்கை கொடுத்தும் கடலுக்குப் போன மீனவர்கள் திரும்பவில்லை."

'கொடுத்தும்' எந்த வினையோடு சேர்கிறது? 'போன' என்பதோடு சேர்த்தால், சொல்லியும் கேட்காமல் போனார்கள் என்று ஆகிறது. பழி மீனவன் தலையில். 'திரும்பவில்லை' என்பதோடு சேர்த்தால், முன்பே போயிருந்தவர்கள், எச்சரிக்கை கொடுத்த பிறகும் திரும்பவில்லை. அப்போதுதான் அடுத்த கேள்வி வரும்: அந்தச் செய்தி நடுக்கடலுக்கு எட்டியதா? ஒரே ஆறு சொற்கள். ஒன்றில் குற்றவாளி, மற்றதில் பாதிக்கப்பட்டவன்.

இந்தச் சிக்கல் பழசுதான். 'சுறா தின்ற மீன்' என்றால் தின்றது எது? இந்த மாதிரி இரண்டு பக்கமும் இழுபடுவதைத் தொல்காப்பியம் 'தடுமாறு தொழிற்பெயர்' என்கிறது. பின்னால் வரும் சொல்லை வைத்துப் பொருள் தெரிந்துகொள்ளலாம் என்றும் சொல்கிறது. ஆனால் சண்டை போடுகிற இருவரும் ஆளுக்கொரு முன்கதையோடு வந்தால், பின்னால் வரும் சொல்லும் உதவாது.

2017இல் அதுதான் நடந்தது. நவம்பர் 29ஆம் தேதியே மீனவர்களுக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டோம் என்றது வானிலைத் துறை. புயல் என்ற அறிவிப்பு 30ஆம் தேதிதான் வந்தது என்றது கேரள அரசு. ஒருவருக்கு 'எச்சரிக்கை' என்றால் கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு. மற்றவருக்குப் புயல் என்று பெயர் சொல்லிக் கொடுக்கும் அறிவிப்பு.

'கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற வழக்கமான வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெரியதாழையில் இது ஓரளவு பொருந்தும். அங்கே ஃபைபர் வள்ளங்கள் பெரும்பாலும் போன அன்றோ மறுநாளோ கரைக்கு வந்துவிடும். "நாளைக்குத் தொழிலுக்குப் போவாண்டாம்" என்று சொன்னால் கேட்பதற்குக் கரையில் ஆள் இருக்கும். குமரி மாவட்டம் தூத்தூர்ப் பக்கம் அப்படியில்லை. அங்கிருந்து ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்கும். செல்போன் அலை அவ்வளவு தூரம் எட்டாது. ஏற்கெனவே போய்விட்டவனுக்கு 'செல்ல வேண்டாம்' என்பதில் ஒரு வேலையும் இல்லை.

"சூழ்நிலையை வைத்துப் புரிந்துகொள்ள மாட்டார்களா?" என்று கேட்கலாம். சும்மா பேசும்போது சரி. யார் மேல் தவறு என்று தீர்மானிக்கும் இடத்தில் அது போதாது. அங்கே 'போன' என்று எழுதாமல் 'போயிருந்த' என்று எழுதணும். 'கொடுத்தும்' என்பதை அதற்குரிய வினைக்குப் பக்கத்தில் வைக்கணும். 'எச்சரிக்கை கொடுக்கப்பட்டது' என்று முடிக்காமல் யார், யாருக்கு, எத்தனை மணிக்கு, எது வழியாக என்று சொல்லணும். கரையில் இருப்பவர்களுக்கு ஒரு வாக்கியம், கடலில் இருப்பவர்களுக்குத் தனியாக இன்னொரு வாக்கியம். இவ்வளவையும் எழுதிய பிறகு இரண்டு தரப்பும் சண்டை போடட்டும். அப்போதாவது ஒரே விஷயத்தைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.