ஹேவ்லாக் தீவின் பவளப்பாரை எப்படி ரசிப்பது?

ஹேவ்லாக் என்று நெடுங்காலம் வழங்கி, 2018 டிசம்பர் 30 அன்று ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட அந்தமான் தீவு, போர்ட் பிளேர் என்றே இன்றும் பலர் அழைக்கும் ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், விரைவுக் கப்பலில் இரண்டு மணி நேரத்துக்குள் சென்றடையும் தூரத்தில் உள்ளது. ஆண்டுதோறும் இத்தீவுக்குச் செல்லும் பயணிகளில் பெரும்பாலோர் எலிஃபண்ட் பீச்சில் ஒரு ரப்பர் வளையத்தைப் பற்றிக்கொள்ள, வழிகாட்டி அவர்களை இழுத்துச் சென்று, நீருக்குள் கைகாட்டச் சொல்லிப் படம் பிடித்து, இருபது நிமிடங்களில் கரையேற்றிவிடுகிறார். கடலைப் பார்த்ததற்கான சான்று கைபேசியில் இருக்கும். பார்த்தது என்ன என்று கேட்டால் வண்ண மீன்கள் என்பதற்கு மேல் விடை இராது. இதில் வழிகாட்டியின் குறை சிறிதே. எதை, எப்போது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்ற எண்ணமின்றி நீரில் இறங்குவதே பெருங்குறை.

முதலில் கவனிக்க வேண்டியது காலம். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிய பின் கடல் கொந்தளித்து மணலும் வண்டலும் கலங்குவதால், டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களே தெளிந்த நீருக்கு உரியவை. அந்தமான் தீவுகள் சென்னைக்குக் கிழக்கே 12 பாகைக்கும் அதிகமான தீர்க்கரேகை வேறுபாட்டில் இருந்தும் அதே இந்திய நேரத்தைப் பின்பற்றுவதால், அங்கே வெயில் விரைவில் ஏறி, குளிர்காலத்தில் மாலை ஐந்து மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும். ஆகவே, தமிழ்நாட்டு வழக்கப்படி சாவகாசமாகச் சிற்றுண்டி முடித்துப் பத்து மணிக்குப் புறப்படுவோர் காற்று அடங்கியிருக்கும் நல்ல வேளையின் பெரும்பகுதியைத் தவறவிடுகின்றனர். காலத்தோடு சேர்ந்தது கடலின் ஏற்றமும் வற்றமும்: நாளுக்கு இருமுறை நீர் உயர்ந்து இருமுறை வடிகிறது, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இந்த வேறுபாடு மிகுதி. தீவின் கிழக்குக் கரையில் வற்று நேரத்தில் நெடுந்தூரம் வரை பாறைத்தளம் வெளியே தெரியும் என்பதால், அப்போது அங்கு நீந்த நினைப்பது வீண். நீர் நன்கு ஏறி நிற்கும் வேளையே முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து மிதப்பதற்கு, அதாவது ஸ்நோர்க்கெலிங் செய்வதற்கு, ஏற்றது. தங்குமிடத்தில் ஏற்றவற்ற அட்டவணையைக் கேட்டு வாங்கிய பின் நாளைத் திட்டமிடுவது எந்த வழிகாட்டி நூலையும்விடப் பயன் தரும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, முகமூடியைத் தவிர. வாரை மாட்டாமல் முகத்தில் பொருத்தி மூக்கால் மெல்ல உள்ளிழுத்தால் அது விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். நில்லாவிட்டால் வேறொன்று கேட்பதே சரி. தமிழ் ஆடவர் பலருக்கு முகமூடியில் நீர் கசிவதற்குக் காரணம் அவர்களுடைய மீசை. மழிக்க மனம் வராதோர் மீசையின் மேல் சிறிது வாசலின் தடவிக்கொண்டால் கசிவு பெருமளவு குறையும். நீச்சல் அறியாதோரும் மிதவைச் சட்டை அணிந்து, உடலைக் கிடைமட்டமாகத் தளர விட்டால், உப்புநீரே தாங்கிக்கொள்ளும். முதுகிலும் பிடரியிலும் வெயில் சுடாமல் இருக்க முழுக்கைச் சட்டை போதும். சில வெயில் தடுப்புப் பசைகளில் உள்ள ஆக்சிபென்சோன் என்ற வேதிப்பொருள் பவளங்களுக்குத் தீங்கானது என்பதால் பசையைவிடத் துணியே மேல்.

நீருக்குள் முகம் புதைந்ததும் புலன்கள் தரும் செய்தி மாறிவிடுகிறது என்பதை அறிந்திருப்பது நல்லது. ஒளி நீரிலிருந்து முகமூடியின் காற்றுக்குள் நுழையும்போது வளைவதால், பொருள்கள் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரியனவாகவும் அண்மையிலும் தோன்றும். பெரிய மீனைக் கண்டதாகக் கரையில் சொல்லப்படும் கதைகளுக்கு இதுவும் ஒரு காரணம். சிவப்பு நிறத்தை நீர் முதலில் உறிஞ்சிவிடுவதால் சில மீட்டர் ஆழத்திலேயே அது மங்கி, எல்லாம் நீலமும் சாம்பலுமாகத் தெரியும். எனவே நிறத்தை நாடுவோருக்கு ஆழமான இடங்களைவிட, வெயில் உச்சியை நெருங்கும் வேளையில் இரண்டு மூன்று மீட்டர் நீர் நிற்கும் ஆழமற்ற பாரே நிறைவு தரும். காதில் இடைவிடாது கேட்கும் பொரியும் ஓசை மூச்சுக்குழாயின் பழுது அன்று. பாறை இடுக்குகளில் வாழும் சிற்றிறால் வகைகள் தம் கொடுக்கைச் சொடுக்கும் ஒலி அது. அந்த ஒலி அடர்ந்திருப்பது அப்பாரில் உயிர்கள் செறிந்திருப்பதற்கு அடையாளம்.

இனி, பார்க்கும் முறை. பவளம் என்பது கல்லும் அன்று, செடியும் அன்று. பாலிப் எனப்படும் சிறிய குழலுடல் விலங்குகள் கூட்டமாக வாழ்ந்து, தமக்கு அடியில் சுண்ணாம்பைப் படியவைத்து எழுப்பிய குடியிருப்பு. பாலிப்பின் திசுவுக்குள் வாழும் ஒற்றைச் செல் பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்து அதற்கு உணவின் பெரும்பகுதியையும் நிறத்தையும் தருகின்றன. மான்கொம்பு போல் கிளைத்த வகைகள் விரைவாக வளர, உருண்டை வடிவப் பவளங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ உயர்கின்றன. ஆளுயரப் பவள உருண்டை ஒன்று நூறாண்டைக் கடந்தது என்பதை அறிந்து அதன்முன் மிதப்போர் துடுப்புக் காலணியை அதன்மேல் உதைக்க மாட்டார்கள்.

அத்தகைய ஓர் உருண்டையைத் தேர்ந்து, அதைவிட்டு அரைமணி நேரம் நகராமல் மிதப்பதே இக்கட்டுரை பரிந்துரைக்கும் முறை. முதல் சில நிமிடங்களில் மீன்கள் விலகியிருக்கும். பிறகு வந்தவர் துரத்தவில்லை என்று தெளிந்து திரும்பும். பவளத்தின் மேற்பரப்பில் நீலம், மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் விரல்நுனி அளவில் இரட்டைக் கூம்புகள் தென்படலாம். இவை கிறிஸ்துமஸ் மரப்புழு என்னும் குழாய்ப்புழுக்களின் இறகுச் செவுள்கள். கையின் நிழல் பட்டதும் அவை கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே மறைந்து, பொறுத்திருந்தால் மெல்ல வெளிவரும். பவளத்தில் இணையாகக் காணப்படும் வெளிறிய கீறல்கள் கிளிமீனின் பல் தடங்கள். அலகு போல் இணைந்த பற்களால் அது பாசியையும் சுண்ணாம்பையும் சுரண்டித் தின்று, அரைபட்ட சுண்ணாம்பை வெண்மணலாகக் கழிக்கும் காட்சியைச் சிறிது நேரம் பின்தொடர்ந்தாலே காணலாம். கடற்கரையில் காலடியில் கிடக்கும் மணலின் ஒரு பகுதி இவ்வழியே வந்தது. பாறையின் ஒரு மூலையில் பெரிய மீன்கள் அசையாமல் வாய் திறந்து நின்றால், அங்கே விரல் நீளமுள்ள, நீலமும் கருமையும் கலந்த கோடுடைய துப்புரவு மீன் ஒன்று இருக்கும். வந்த மீனின் செவுளிலும் வாயிலும் புகுந்து ஒட்டுண்ணிகளைத் தின்னும் அதனிடம், அதை ஒரே வாயில் விழுங்கக்கூடிய களவாவும் அமைதியாகக் காத்து நிற்கிறது.

கடற்சாமந்தியின் கொட்டும் இழைகளுக்கிடையே வாழும் கோமாளி மீன் எல்லோரும் தேடும் ஒன்று. அக்கூட்டத்தில் உருவில் பெரியது பெண். அது இறந்தால் அடுத்த நிலையிலுள்ள ஆண் பெண்ணாக மாறும். எனவே மீனை மட்டும் படம்பிடிக்காமல் யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று நோக்கினால், அச்சிறு குடும்பத்தின் அதிகார வரிசை விளங்கும். கிளிமீன், ஓரா, களவா, அஞ்சாலை, திருக்கை எனப் பாம்பன், ராமேஸ்வரம் மீனவர்கள் சொல்லும் பெயர்களே இங்கும் பயன்படும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுவதால், அங்கு நினைத்தவாறு இறங்கி நீந்த இயலாத தமிழருக்கு, அந்த மீன்களின் உறவினரை அவற்றின் வீட்டிலேயே காணும் வாய்ப்பு ஹேவ்லாக்கில் கிட்டுகிறது.

அழிவையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். கோடையின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட நீர் ஒரு பாகை செல்சியஸ் அளவு உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால், பவளம் தன் பாசிகளை வெளியேற்றி வெளிறிப்போகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அந்தமானில் இவ்வாறு நிகழ்ந்தது. பளிச்சென்ற வெண்மை, உயிர் இன்னும் இருக்கக்கூடும் என்பதன் குறி. பச்சையும் பழுப்புமாகப் பாசி படர்ந்த எலும்புக்கூடு இறந்ததன் குறி. எலிஃபண்ட் பீச்சில் இரண்டாம் வகை நிறையவே உள்ளது. விளம்பரப் படத்தை நினைத்துச் செல்வோர் ஏமாற்றமடைவர்; ஆனால் இறந்த கிளைகளின் மேல் நகத்தளவில் துளிர்த்திருக்கும் இளம் பவளங்களைத் தேடுவோருக்கு அந்த இடமும் சலிப்பதில்லை.

மூச்சுக்கருவியுடன் மூழ்கும் ஸ்கூபாவுக்கு உரிமம் இல்லாதோர் பயிற்றுநர் துணையுடன் 12 மீட்டர் வரை இறங்கலாம். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், வலி தோன்றுமுன்பே மூக்கைப் பொத்தி மெல்ல ஊதிக் காதின் அழுத்தத்தைச் சமப்படுத்த வேண்டும். சளி பிடித்த நாளில் இறங்கலாகாது. முதல்முறை இறங்குவோரின் கவனமெல்லாம் தம் மூச்சிலேயே இருக்கும் என்பதால், ஸ்நோர்க்கெலிங்கில் கண் பழகிய பின் ஸ்கூபா செல்வதே உகந்த வரிசை. மாறாக, வந்த முதல் நாளே பணம் கட்டி மூழ்குவது பெரும்பாலும் படத்துக்காகவே முடிகிறது.

பவளத் துண்டு, இறந்ததாயினும், தீவிலிருந்து எடுத்து வருவது வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்; விமான நிலையச் சோதனையில் அது பறிமுதலாகும். பலமுறை ஸ்கூபா மூழ்கியவர் அடுத்த 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், காற்றழுத்தம் குறையும் விமானத்தில் குமிழிகளாகப் பிரியும் இடர் உண்டு. எனவே கடைசி நாளை மேற்குக் கரையில் ஏழாம் எண் கடற்கரை எனப்படும் ராதாநகருக்கு ஒதுக்கலாம். கதிரவன் மறைவதைக் காண அங்கு மாலை நாலரை மணிக்குள் சென்றுசேர வேண்டும்.