பின் பிறேக்கும் ஒரு காதும்

புது மோட்டார் சைக்கிளின் பின் பிறேக் மந்தமாகப் பிடித்தால் பலருக்கும் முதலில் வருவது கோபம். களனியில் கண்டி வீதியோரக் கராஜில் கைதேர்ந்த பாஸ் ஒருவர் கோபப்படுவதில்லை. நடு ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சில்லைச் சுழற்றிவிட்டுக் காதைக் கொடுக்கிறார். சர்... சர்... என்று உரசல் ஓரிடத்தில் மட்டும் வந்து போகிறது. புது லைனர் ட்ரம்மோடு இன்னும் முழுதாகப் பொருந்தவில்லை, அங்கங்கேதான் தொடுகிறது. கழற்றினால் தொட்ட இடங்கள் பளபளக்கின்றன. சாண்ட் பேப்பரால் அந்த மினுக்கத்தை மெல்ல எடுத்து, வெள்ளவத்தைக் கடையில் சேலை பார்ப்பவரைப் போலப் பெருவிரலால் தடவுகிறார். அடுத்ததுதான் எனக்கு மிகப் பிடித்தது: சில்லைத் திரும்பப் பூட்டியபின் அச்சு நட்டைத் தளர்த்திப் பிறேக்கை மிதித்தபடியே மறுபடி இறுக்குவது. லைனர்கள் தாமாகவே நடுவுக்கு வந்து உட்காருகின்றன.

பிறகு பிறேக் கம்பியின் நுனி நட்டை உரசல் கேட்கும்வரை திருகி, சற்றே பின்வாங்குகிறார். அவசரமே இல்லை. பிறேக் பிடிக்கையில் பாரம் முன்சில்லுக்குப் போய்விடும், பின் பிறேக் ஒருபோதும் முன் பிறேக்கைப் போல இறுகப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட்டுத்தான் காசு வாங்குகிறார்.