மொட்டைமாடியில் ஒரு யவன விருந்து

சமைப்பது ஒரு கலை, பரிமாறுவது மற்றொரு கலை என்பதை நம்மவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். ஆனால் இன்ன பதார்த்தத்துக்குப் பின் இன்ன பதார்த்தம், அதனோடு இன்ன மது என்று கிரமம் வகுத்து, உண்பவனுடைய நாவும் நாசியும் களைப்படையாதபடி மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் அவனை அழைத்துச் செல்வது தனியானதொரு வித்தை என்பதும், அந்த வித்தையைத் தம் இல்லத்து மொட்டைமாடியிலேயே பிரயாணிகளுக்காகப் பயின்று வருகிற இல்லறத்தார் ஏதென்ஸ் மாநகரில் இருக்கிறார்கள் என்பதும், அங்கே போய் அமர்ந்து உண்டு பார்த்தவர்களுக்கே நன்றாக விளங்கும். முன்கூட்டியே தொகை செலுத்தி இடம் பிடித்துக்கொள்கிற எட்டுப் பேர், மிஞ்சினால் பத்துப் பேர், ஒருவரையொருவர் முன்பின் அறியாத பல தேசத்தார், ஒரே மேசையைச் சுற்றி அமர்கிறார்கள். சமைத்தவரே பரிமாறுகிறார், பரிமாறுகிறவரே மதுவை வார்க்கிறார், வார்க்கும்போதே அது பிறந்த மண்ணைப் பற்றி நாலு வார்த்தை சொல்கிறார். பணம் கொடுத்து உண்பதுதான் என்றாலும், உண்டு முடிக்கிற வேளையில் அந்த எண்ணம் மனத்தில் எஞ்சியிருப்பதில்லை. சங்கீதக் கச்சேரியை ரசிப்பது போல் ரசிக்கத்தக்க விஷயம் இது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கட்டடத்தில் மாடிக்கு மாடி வேறு வேறு உடைமையாளர் இருக்கலாம் என்று கிரேக்க நாட்டில் 1929 ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் நிலம் வைத்திருந்தவரும் கட்டுகிறவரும் வீடுகளைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு பரவி, ஏதென்ஸ் முழுவதும் தட்டையான கூரையுடைய அடுக்கு மாடிக் கட்டடங்கள் எழும்பின. மேலே வெயிலில் தண்ணீர் காய்ச்சும் கலங்களும், துணி உலர்த்தும் கொடிகளும், துளசிச் செடி வைத்த தகரத் தொட்டிகளுமாக இருக்கும் அந்தக் கூரைகளில் தனி அழகு ஒன்றும் கிடையாது. ஆனால் அக்ரோபோலிஸ் குன்றுக்குத் தெற்கே கூக்காகி என்ற பேட்டையில் அத்தகைய ஒரு கூரைமேல் ஏறி நின்று வடக்கே திரும்பினால், கி.மு. 447 இல் கட்டத் தொடங்கி பதினைந்து ஆண்டுகளில் நிறைவுற்ற பார்த்தினான் ஆலயம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகவே தோன்றும். கிழக்கே ஹைமெட்டஸ் மலை, அஸ்தமன வேளையில் சிறிது நேரம் கத்தரிப்பூ நிறம் கொள்கிறது. இருள் கவிந்ததும் 2020 இல் புதிதாக அமைக்கப்பட்ட தீபங்கள் ஏற்றப்பட, பளிங்குத் தூண்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே துலங்குகின்றன. நல்ல விருந்தளிப்பவர் இந்தக் காட்சியைக் காட்டிப் பெருமை பேசுவதில்லை. விருந்தினர் தாமாகவே திரும்பிப் பார்த்துவிட்டுத் தட்டுக்கு வரட்டும் என்று விட்டுவிடுகிறார்.

புராதன கிரேக்கர்கள் கூடிக் குடித்த காலத்தில் மதுவைத் தனியே அருந்துவது அநாகரிகர் செயல் என்று கருதினார்கள். பெரிய கலத்தில் நீரை நிறையவும் மதுவைக் குறையவும் சேர்த்துக் கலந்தார்கள். எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு என்பதையும், எத்தனை சுற்று என்பதையும் நிர்ணயிக்க அன்றைய கூட்டத்துக்கு ஒரு தலைவனைத் தேர்ந்தெடுத்தார்கள். பிளாட்டோ தம் பெயர்பெற்ற உரையாடல் நூலில் காட்டுகிற, அகத்தோன் வீட்டு விருந்தும் இத்தகைய கூட்டமே. இன்றைய மொட்டைமாடியில் அந்தத் தலைமை விருந்தளிப்பவரைச் சேர்ந்தது. நான் உண்ட வீட்டில் அவர் ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார். கோப்பையில் கால் பாகத்துக்கு மேல் அவர் ஒருபோதும் வார்க்கவில்லை. ரொட்டியும் தண்ணீரும் மேசையில் தீராமல் பார்த்துக்கொண்டார். ஒருவர் முகம் சற்றுச் சிவக்கக் கண்டால், அடுத்த மதுவுக்கு முன் அடுத்த தட்டு அவரிடம் போய்விடும். மது என்ற சொல்லைக் கேட்டதும் குடும்பங்கள் அழிந்த கதைகளே நினைவுக்கு வருகிற நமக்கு, உணவில்லாமல் குடிப்பதை விரும்பாத ஒரு ஜன சமூகத்தின் இந்த அளவும் நிதானமும் கவனிக்கத்தக்கவை.

வரவேற்புக்கு பெலோபொனீஸ் பகுதியின் மாண்டினியா மேட்டு நிலத்தில் விளைகிற மொஸ்கோஃபிலேரோ வந்தது. தோல் இளஞ்சிவப்பாக இருக்கிற அந்தத் திராட்சையிலிருந்து பிழிகிற வெள்ளை மதுவில் ரோஜாவின் வாசனை மெல்லியதாக இருக்கும். ஆலிவ் காய் நாலைந்தைக் கடித்துக்கொண்டு, பக்கத்திலிருப்பவர் எந்த ஊர் என்று விசாரித்து முடிப்பதற்குள் அது தீர்ந்துவிடுகிறது. அதன் வேலையும் அவ்வளவுதான்.

உண்மையான விருந்து ஃபாவாவில் தொடங்குகிறது. சாண்டோரினித் தீவில் விளைகிற, நம் கேசரிப் பருப்பின் இனத்தைச் சேர்ந்த மஞ்சள் பருப்பை வெங்காயத்தோடு குழைய வேக வைத்து, மசித்து, ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, மேலே பச்சை வெங்காயச் சீவலும் உப்பில் ஊறிய கேப்பர் மொட்டுகளும் தூவித் தருகிறார்கள். நம் வீட்டுப் பருப்பு மசியலில் நெய்க்குப் பதில் அவ்வெண்ணெயை ஊற்றியதாக வைத்துக்கொள்ளலாம். இதனோடு அதே தீவின் அஸிர்த்திகோ மது வார்க்கப்படுகிறது. பொருத்தத்தின் காரணத்தை மண்ணில்தான் தேட வேண்டும். மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்துச் சிதறியதில் சாம்பலும் நுரைக்கல்லும் மூடிப்போன தீவு அது, மழை சொற்பம், காற்றோ ஓயாது. ஆகவே குடியானவர்கள் கொடியைப் பந்தலில் ஏற்றாமல், அதன் கிளைகளை ஒன்றோடொன்று முறுக்கி, தரையோடு தரையாகக் கூடை போல் முடைந்து, கனிகள் அந்தக் கூடைக்குள்ளே காற்றுக்கும் வெயிலுக்கும் ஒதுங்கித் தொங்கும்படி வளர்க்கிறார்கள். இரவில் கடலிலிருந்து எழுகிற மூடுபனியின் ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்திருந்து வேருக்குக் கொடுக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைப் பாழாக்கிய ஃபிலோக்ஸீரா என்ற வேர்ப்பூச்சியால், களிமண் இல்லாத இந்த நிலத்தில் கால் ஊன்ற முடியவில்லை. எனவே இங்குள்ள கொடிகள் ஒட்டுக் கட்டப்படாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன. மகசூல் குன்றிய கொடியை வெட்டிவிட்டால், பழைய அடிவேரிலிருந்து மறுபடி துளிர்க்கிறது.

அத்தகைய மண்ணில் வருந்திப் பழுத்த கனியின் ரசத்தில் புளிப்பு கூர்மையாகவும், அடியில் ஓர் உப்புக் கரிப்பும் இருப்பதில் வியப்பில்லை. ஃபாவாவை ஒரு வாய் உண்டதும் மாவும் எண்ணெயும் நாவில் படிகின்றன. மது ஒரு மடக்கு அந்தப் படிவைத் துடைத்தெடுக்கிறது. துடைத்த நாவுக்குப் பருப்பின் மெல்லிய இனிப்பு, முதல் கவளத்தில் தெரியாதது, இரண்டாவதில் தெரிகிறது. பருப்பு மதுவின் கூர்மையைத் தணிக்கிறது, மது பருப்பின் சுவையை எழுப்புகிறது. விலை உயர்ந்த மாமிசமும் அரிய மீனும் வந்த அந்த இரவு முழுவதிலும், இந்த எளிய பருப்பும் அதன் ஊர் மதுவுமே உச்சம் என்று நான் துணிந்து சொல்வேன்.

அடுத்து வந்த தொல்மாதாக்கியாவை அம்மையார் எங்கள் கண்முன்னே சுருட்டிக் காட்டினார். வசந்தத்தில் பறித்து உப்பு நீரில் பாதுகாத்த இளம் திராட்சை இலையைக் கொதிநீரில் ஒரு முறை முக்கியெடுத்து, பளபளப்பான புறம் கீழேயும் நரம்போடிய புறம் மேலேயும் இருக்கும்படி உள்ளங்கையில் விரித்து, காம்பைக் கிள்ளி எறிந்து, அரிசியும் வெங்காயமும் சதகுப்பைத் தழையும் புதினாவும் சேர்ந்த பூரணத்தில் ஒரு சிறு கரண்டி அளவே வைத்து, அடியை மடித்து, இரு பக்கங்களையும் உள்ளே தள்ளி, இறுக்கமுமில்லாமல் தளர்ச்சியுமில்லாமல் உருட்டுகிறார். இறுக்கினால் அரிசி வேகும்போது இலை கிழியும், தளர்த்தினால் அவிழும். பாத்திரத்தில் நெருக்கமாக அடுக்கி, எலுமிச்சைச் சாறும் எண்ணெயும் நீரும் ஊற்றி, மேலே ஒரு பீங்கான் தட்டைக் கவிழ்த்து வைத்துச் சிறு தீயில் வேக விடுகிறார். தட்டின் பாரம் சுருள்களை அசைய விடாது. அந்த விரல்களின் லாவகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேசையில் பேச்சு அடங்கிவிட்டது.

தக்காளியும் வெள்ளரியும் வெங்காயமும் ஆலிவும் சேர்த்து, மேலே ஃபேட்டா பாலாடைக்கட்டியை உதிர்க்காமல் முழுத் துண்டாகவே வைத்து, கற்பூரவல்லியை நினைவூட்டும் ஓரிகானோவைத் தூவித் தருகிற நாட்டுப்புறப் பச்சடி உலகப் பிரசித்தம். தக்காளி அந்நாட்டுக்கு மிகப் பிந்தி வந்தது. பிளாக்கா பேட்டையில் இருந்த கபுச்சின் துறவியரின் மடத்துத் தோட்டத்தில் 1818 இல் முதன்முதல் பயிரிடப்பட்டதாக ஏதென்ஸ்காரர்கள் சொல்கிறார்கள். ஃபேட்டாவோ ஹோமர் காலத்து இடையர்களின் வழிவந்தது; செம்மறிப் பால் நூற்றுக்கு எழுபது பங்குக்குக் குறையாமலும், மிச்சம் வெள்ளாட்டுப் பாலாகவும் இருந்தால்தான் அந்தப் பெயரைச் சூடலாம் என்ற உரிமையை 2002 இல் கிரேக்கர்கள் பெற்று, ஜெர்மனியும் டென்மார்க்கும் வழக்காடியும் 2005 இல் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பால் நிலைநிறுத்திக்கொண்டார்கள். தட்டின் அடியில் தக்காளிச் சாறும் எண்ணெயும் கூடித் தேங்கியதை ரொட்டியால் தோய்த்து உண்ண வேண்டும். அதை விட்டுவைக்கிறவனை அந்த வீட்டில் இரக்கத்தோடு பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில் அம்மையார் ரெட்ஸீனாவை வார்த்தார். பழங்காலத்தில் மண் ஜாடிகளைக் காற்றுப் புகாமல் அடைக்கப் பைன் மரப் பிசினைப் பூசினார்கள்; அதன் வாசனை மதுவில் ஏறியது; பிசினின் அவசியம் போன பிறகும் வாசனைமேல் கொண்ட பிரியம் போகவில்லை. ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிகா நாட்டின் சவட்டியானோ திராட்சைச் சாறு பொங்கிப் புளிக்கும்போதே அதில் அலெப்போ பைனின் பிசினைச் சிறிதளவு இட்டுப் பின் நீக்கிவிடுகிறார்கள். மட்டமான சரக்கைக் குடித்தவர்கள் கர்ப்பூரத் தைலம் என்று இகழ்ந்து, அந்த இகழ்ச்சியையே ஊர் ஊராகப் பரப்பிவிட்டார்கள். நல்ல ரெட்ஸீனாவில் பிசினின் வாசனை அடக்கமாகத்தான் இருக்கும். பூண்டு நிறைந்த தயிர்ப் பச்சடியும், பொரித்த சிறு மீனும் வேறெந்த நயமான மதுவையும் அடித்து வீழ்த்திவிடுகிற இடத்தில் இது ஒன்றே நிமிர்ந்து நிற்கிறது. இதைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டுப் பிற தேசத்துத் திராட்சை மதுவைக் கொடுக்கிற விருந்துகளும் உண்டு. அவர்கள் செய்வது பெரும் பிழை.

மாமிசம் உண்ணாதவர்கள் அஞ்ச வேண்டாம். கிரேக்கத் திருச்சபை விதித்திருக்கிற விரத நாட்கள் ஆண்டில் ஏறக்குறைய பாதி. அந்நாட்களில் இறைச்சி, பால், முட்டை எல்லாவற்றையும் விலக்க வேண்டியிருந்ததால், எண்ணெயில் மெல்ல வெந்த காய்களும் பருப்புகளும் மொச்சைகளுமாகச் சம்பிரமமான ஒரு தாவர உணவு அங்கே தலைமுறை தலைமுறையாகப் பரிபக்குவம் பெற்றிருக்கிறது. முன்னரே தெரிவித்தவருக்குத் தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை தனியே வந்தது. ஆட்டிறைச்சி உண்டவர்கள் அதை எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

அந்த ஆட்டிறைச்சி, எலுமிச்சையும் பூண்டும் உருளைக்கிழங்கும் சேர்த்துக் காகிதத்தில் பொதிந்து அடுப்பில் பல மணி நேரம் வெந்த கிளெஃப்டிகோ. ஆவி வெளிப்பட்டால் காட்டிக்கொடுத்துவிடும் என்று மலைக் கள்வர் குழியில் மூடிச் சமைத்த முறை என்பது ஐதிகம். பொதியை மேசையில் வைத்துத்தான் பிரித்தார்கள். இதற்கு இரண்டு சிவப்பு மதுக்கள் பக்கம் பக்கமாக வந்தன: நெமேயாவின் அகியோர்கிதிகோ ஒன்று, வடக்கே மக்கெதோனியாவில் நாவுசாவின் க்ஸினோமாவ்ரோ மற்றொன்று, இரண்டும் 1971 முதல் ஊர்ப் பெயரைச் சட்டபூர்வமாகச் சூடியவை. முன்னது பழ இனிப்பும் மென்மையும் உடையது, எவருக்கும் முதல் மடக்கிலேயே பிடித்துவிடும். பின்னது நிறம் வெளிறி, துவர்ப்பு ஓங்கி, வெயிலில் உலர்ந்த தக்காளியின் வாசனையோடு, தனியே சுவைத்தால் சற்றுக் கடுகடுப்பாகவே தோன்றும். கொழுப்புள்ள இறைச்சியோடு சேர்ந்ததும் அந்தத் துவர்ப்பு அடங்கி, உள்ளிருந்த மணங்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். மேசையில் அபிப்பிராயம் இரண்டாகப் பிரிந்தது. என் கட்சி நாவுசா.

நம்மவருக்கு இந்த மதுக்கள் அடியோடு அந்நியமல்ல. யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த தண்கமழ் தேறலை அருந்தி மகிழுமாறு பாண்டியனைப் புறநானூற்றின் 56 ஆம் பாட்டு வாழ்த்துகிறது. புதுச்சேரிக்கருகே அரிக்கமேட்டில் 1945 இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் மது ஜாடி ஓடுகள் கிடைத்தன. அவற்றுள் கிரேக்கத் தீவான கோஸின் ஜாடி வகையும் உண்டென்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். அம்மையாரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அந்த ஜாடிகள் எத்தனை மாதம் கடலில் வந்திருக்கும் என்று மட்டும் விசாரித்தார்.

முடிவில் ஹைமெட்டஸ் மலைத் தைமுப் பூந்தேன் ஊற்றிய கெட்டித் தயிரும், பறித்த திராட்சையை இரண்டு வாரம் வெயிலில் உலர்த்திப் பிழிந்து ஆண்டுக்கணக்கில் பீப்பாயில் வைத்த சாண்டோரினியின் வின்சாந்தோ மதுவும் வந்தன. தேனும் தேன்போன்ற மதுவும் சேர்ந்தால் திகட்டிவிடும் என்று நினைப்பவர்கள் தயிரின் புளிப்பை மறந்துவிடுகிறார்கள். விரலளவு மதுவே வார்க்கப்பட்டது. அதற்கு மேல் வேண்டியும் இருக்கவில்லை.

ஏதென்ஸுக்குப் போகிறவர்கள், காட்சியை மட்டும் விற்கிற மொட்டைமாடிகளை விட்டு, தாமே சமைக்கிறவரும், பத்துப் பேருக்கு மேல் சேர்க்காதவரும், வார்க்கப்போகிற ஒவ்வொரு மதுவின் ஊரையும் கேட்ட மாத்திரத்தில் சொல்லக்கூடியவருமான ஒருவரின் வீட்டைத் தேடிப் பிடியுங்கள். விலக்குகிற உணவு ஏதேனும் இருந்தால் இரண்டு நாள் முன்னதாகத் தெரிவியுங்கள். மது வேண்டாதவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எவரும் வற்புறுத்துவதில்லை. பகல் உணவைக் குறைத்துக்கொண்டு போங்கள். பிரயாணத்தின் கடைசி இரவுக்கென்று இதை ஒதுக்கி வைக்காமல் முதல் இரவிலேயே போய்விடுவது உத்தமம். மறுநாள் முதல் எந்தச் சிற்றுண்டிச்சாலையில் புகுந்தாலும் எதைக் கேட்டு வாங்குவது, அதனோடு எதைப் பருகுவது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.