பெயரிலி நடையும் பெருந்தோட்டப் பாடலும்

பெயரை மறைத்தவனையும் அவனது நடை காட்டிக்கொடுக்கும். 1787-88இல் புனைபெயரில் வெளிவந்த அமெரிக்க அரசியலமைப்புக் கட்டுரைகளுள் ஆசிரியர் யாரெனச் சர்ச்சைக்குட்பட்டிருந்த பன்னிரண்டும் மடிசனுடையவையே என 1964இல் மொஸ்ரெல்லர், வொலஸ் என்னும் புள்ளிவிவரவியலாளர் இருவர் முடிவுகண்டனர். எழுதுவோன் கவனியாது கையாளும் சிறுசொற்களே அவர்க்குச் சான்றாயின.

ஆயின், ஒப்பிடுவதற்குத் தனிமனித நடை வேண்டும். மலையக நாட்டார் பாடலில் அது இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) முதலியோர் தொகுத்த பாடல்களிலே கங்காணியும் துரையும் ஏளனத்துக்குள்ளாகின்றனர். முதலிற் பாடியவர் யாரென்பது புலனாவதில்லை. வழிவழி வந்த தொடர்களும் பொது மெட்டும் தனிக்குரலைத் தம்முள் அடக்கிக்கொள்கின்றன. இதனைக் கலைக்குறை என்போர் உற்பத்தி உறவுகளை மறந்தவராவர். வேலையும் குடியிருக்கும் லயமும் ஒரே நிருவாகத்தின் கையிலிருக்கும்போது தனிக்குரல் ஆபத்தானது, பொதுநடையே கவசம்.

கொஸ்லந்தவைச் சார்ந்த மீரியபெத்தத் தோட்ட லயங்களை 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் மண்சரிவு மூடியது. அபாயம் பற்றி முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. இத்தகைய இடத்திலிருந்து இன்று பெயரின்றி முறையிட விரும்பும் தொழிலாளி என்செய்வார்? மனுத்தமிழில் எழுதினால் ஆள் மறைவார். அநுபவத்தின் கூர்மையும் மழுங்கும். பேச்சுவழக்கில் எழுதினால் உண்மை ஒலிக்கும், எழுதியவரும் இனங்காணப்படலாம். பலர் வாய்ப்பட்டு ஒருவருக்கும் உரித்தாகாத பாடலே இம்முரண்பாட்டைத் தீர்த்தது.

எனவே, உயிரோடிருக்கும் பாடகரின் பெயரையும் தோட்டப் பிரிவையும் அவரது இசைவின்றி அச்சேற்றும் ஆய்வாளர் அறிவியலுக்குத் தொண்டு செய்பவரல்லர். கங்காணியின் பணியையே அவர் தொடர்கின்றார்.