சாயமும் கூலியும்: வில்லியம் மொறிஸின் ஆடைத் தொழின்முயற்சி பற்றிய ஒரு நோக்கு

நவநாகரிக ஆடைத் தொழிலை நிலைபேறான வழியில் மாற்றியமைக்கும் நோக்குடன் வகுக்கப்படும் திட்டங்கள் அண்மைக் காலத்திற் பெருகி வந்துள்ளன. இலாபத்தினும் சமூக நலனையே முதற்குறியாகக் கொண்டு நடத்தப்படும் 'சமூகத் தொழின்முயற்சி' என்ற வடிவம் இத்திட்டங்களிற் பெரிதும் விதந்துரைக்கப்படுகின்றது. எந்த நாரைப் பயன்படுத்துவது, எந்தச் சாயத்தைத் தவிர்ப்பது, நீரை எவ்வாறு சேமிப்பது, கழிவுத் துணியை எவ்வாறு மீளப் பயன்படுத்துவது ஆகிய வினாக்களே அவற்றில் முதலிடம் பெறுகின்றன. இவை பயனற்ற வினாக்கள் அல்ல. ஆயினும், இதே வினாக்களுடன் தொடங்கி, அவற்றைக் கடந்து வேறொரு வினாவிற் போய் நின்ற மனிதர் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவர் கவிஞர், சாயக்காரர், முதலாளி, சோசலிசவாதி. வில்லியம் மொறிஸின் (1834–1896) எழுத்துக்களை அவரது சாயப் பட்டறையோடு சேர்த்து வாசிக்குமிடத்து, இன்றைய திட்டங்கள் எழுப்பத் தவறும் வினா யாதென்பது புலனாகும் என்பதே இக்கட்டுரையின் வாதமாகும்.

மொறிஸ் தம் நண்பர்களுடன் கூட்டாகத் தொடங்கிய கம்பனி 1861இல் உருவாயிற்று. 1875இல் அது அவரது தனிப் பொறுப்புக்கு வந்தது. 1856இல் பேர்க்கின் அனிலீன் சாயத்தைக் கண்டுபிடித்த பின்னர், மலிவான செயற்கைச் சாயங்கள் இங்கிலாந்தின் துணிச் சந்தையைக் கைப்பற்றியிருந்த காலம் அது. அச்சாயங்கள் கண்ணைக் கூச வைப்பன என்றும், விரைவில் அருவருப்பாக வெளிறுவன என்றும் மொறிஸ் வெறுத்தார். 1875 முதல் லீக் நகரில் தோமஸ் வாட்ல் என்பாரின் பட்டறையிற் பழைய சாய நூல்களைத் துருவி ஆராய்ந்தும், தாமே தொட்டியிற் கைவைத்துத் துணி தோய்த்தும் அவர் பரிசோதனைகள் நடத்தினார். முழங்கை வரை நீலமேறிய கைகளுடன் அவர் திரிந்ததை அவரது நண்பர்கள் வேடிக்கையாகக் குறிப்பிடுவதுண்டு. 1881இல் வான்டில் ஆற்றங்கரையில் மேட்டன் அபி என்னுமிடத்தில் தமக்கெனப் பட்டறை ஒன்றை அமைத்துக்கொண்டார்.

அங்கு உருவான துணிகளுள் 1883ஆம் ஆண்டுக்குரிய 'ஸ்ரோபெரித் திருடன்' என்ற அச்சுத்துணி இன்றும் பெயர் பெற்றது. அதன் செய்முறையைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். முதலில் துணி முழுவதும் அவுரி நீலத்தில் தோய்க்கப்படும். பின்னர், கோலத்துக்கு வேண்டிய இடங்களில் வெளிற்றும் பொருளை மரஅச்சினால் ஒற்றி நீலத்தை அகற்றுவர். சில இடங்களில் முற்றாகவும் சில இடங்களில் அரைகுறையாகவும் அது அகலும். வெளிறிய இடங்களில் மஞ்சிட்டியினத்து வேரின் சிவப்பும், வெல்ட் என்னும் செடியின் மஞ்சளும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றப்படும். ஒவ்வொரு நிலைக்குமிடையிற் கழுவலும் உலர்த்தலும் உண்டு. ஒரு துணி முடிவடைய நாட்கள் பல சென்றன. அந்நாட்கள் யாவும் மனித உழைப்பு நாட்கள்; ஆகவே அவை துணியின் விலையில் ஏறின. மொறிஸின் துணி அவரது கம்பனியின் விலையுயர்ந்த அச்சுத்துணிகளுள் ஒன்றாயிற்று.

இங்கேதான் சிக்கல் பிறக்கின்றது. கலை எல்லோருக்கும் உரியது என்று மேடை தோறும் முழங்கியவரின் பொருள்களைச் செல்வரே வாங்கினர். இரும்பாலை முதலாளி ஒருவரின் மாளிகையை அலங்கரித்துக் கொண்டிருந்தபோது, பணக்காரரின் ஆடம்பரத்துக்கு ஊழியஞ் செய்வதிலேயே தம் வாழ்நாள் கழிகின்றது என அவர் சினந்து கூறியமை பலரும் அறிந்த செய்தி. இதனை அவரது தனிமனிதப் பலவீனமாகவோ பாசாங்காகவோ காட்டி நகைப்பது திறனாய்வாளர் சிலரின் வழக்கமாயிருந்து வருகின்றது. அது மேலோட்டமான நோக்கு. கூலியைக் குறைத்து உற்பத்தி செய்யும் சந்தையில், கூலியைக் குறைக்க விரும்பாத உற்பத்தியாளன் விலையை உயர்த்தியே ஆகவேண்டும். உயர்ந்த விலையைக் குறைந்த கூலி பெறுபவன் கொடுக்க இயலாது. மொறிஸை உறுத்திய முரண்பாடு சந்தையின் முரண்பாடேயாகும்.

அவரது மூலதனத்தின் ஊற்றையும் மறத்தலாகாது. டெவன் கிறேற் கொன்சொல்ஸ் என்ற செப்புச் சுரங்கத்தில் அவரது தந்தையார் வாங்கிய பங்குகளே குடும்பச் செல்வத்தின் அடித்தளம். வயது வந்ததும் மொறிஸ் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 பவுண் வருவாய் பெற்றார். அச்சுரங்கம் பிற்காலத்தில் ஆசனிக்கு உற்பத்தியில் உலகில் முன்னணி வகித்தது. மொறிஸ் 1871 முதற் சில ஆண்டுகள் அதன் பணிப்பாளர் சபையிலும் இருந்தார். அவரது தொடக்ககாலச் சுவர்த்தாள்களின் பச்சை நிறத்தில் ஆசனிக்கு இருந்தமை பிற்கால இரசாயனப் பகுப்பாய்வினால் உறுதிப்பட்டுள்ளது. ஆசனிக்குப் பற்றிய அச்சத்தை 1885இல் வாட்லுக்கு எழுதிய கடிதத்தில் அவர் வெறும் பீதி என ஒதுக்கினார். ஆற்றங்கரைப் பட்டறையின் தூய்மைக்கு வேறெங்கோ ஓர் அழுக்கு முதலாகியிருந்தது.

இவ்விடத்து 'இயற்கைச் சாயம்' என்ற சொல்லின் மீது படிந்துள்ள புனிதத்தையும் ஆராய்தல் வேண்டும். இன்றைய திட்டங்களில் இச்சொல் ஏறக்குறைய ஓர் அறக்கோட்பாடாகவே வழங்குகின்றது. அந்நூற்றாண்டில் ஐரோப்பாவின் சாயத் தொட்டிகளை நிறைத்த அவுரியிற் பெரும்பங்கு வங்காளத்திலிருந்து சென்றது. தோட்டத்துரைமார் கடன் கொடுத்துக் குடியானவரைப் பிணைத்து, நெல் விளைய வேண்டிய நிலத்தில் அவுரி பயிரிடக் கட்டாயப்படுத்தினர். 1859–60இல் அக்குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். தீனபந்து மித்திரரின் 'நீல் தர்ப்பண்' நாடகம் (1860) அக்கொடுமையையே பொருளாகக் கொண்டது. நம் கரையிலும் இத்தகைய வரலாறு உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத் தீவுகளிலும் மணற்பாங்கான நிலத்தில் விளைந்த சாயவேர், துணிக்குச் செந்நிறமூட்டும் பொருளாகக் கம்பனியின் ஏகபோக உடைமையாயிருந்தது. அதனைத் தோண்டுவது குறித்தவொரு சாதியாரின் பிறப்புக் கடமையாக விதிக்கப்பட்டிருந்தது. 'வேர்க்குத்தி' என்ற சாதிப் பெயரே அதற்குச் சான்று. அச்சாயத்தில் நஞ்சு இல்லை. அதனைத் தோண்டியவனுக்கு விடுதலையும் இருக்கவில்லை. இயற்கையானது என்பதனால் மட்டும் ஒரு பொருள் நீதியானதாகிவிடுவதில்லை.

மொறிஸ் 1883இல் சனநாயக சம்மேளனத்திற் சேர்ந்தார். 1884 இறுதியிற் சோசலிசக் கழகத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரானார். ஈ. பி. தொம்சன் 1955இல் வெளியிட்ட பெருநூல் இம்மாற்றத்தின் முழுமையை நிலைநாட்டியது. மொறிஸைச் சுவர்த்தாள் வரைந்த கனவுலகவாதியாகச் சுருக்கிய மரபுக்கு அது தக்க விடை. இங்கு நமக்கு வேண்டியது 1884இல் ஜோர்ஜியானா பேண்-ஜோன்ஸுக்கு மொறிஸ் எழுதிய ஒரு கடிதம். சோசலிசம் பேசும் நீர் உமது இலாபத்தைத் தொழிலாளரோடு ஏன் பங்கிடவில்லை என்று அவர் அக்காலத்திற் பலராலும் வினவப்பட்டார். கடிதத்தில் அவர் கணக்குப் போடுகின்றார். கம்பனியிலிருந்து தமக்குக் கிடைப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 பவுண். தாம் ஒரு மேற்பார்வையாளரின் வருவாயோடு அமைந்து, எஞ்சிய 1,600 பவுணை ஏறத்தாழ நூறு தொழிலாளருக்குப் பகிர்ந்தால் தலைக்கு ஆண்டுக்கு 16 பவுண் கூடுதலாகக் கிடைக்கும். அது அவர்களுக்கு நன்மையே. ஆனால், அதனாற் சிலர் சிறு முதலாளிகளாக உயரக்கூடும் என்பதன்றி, வர்க்க அமைப்பு மாறப் போவதில்லை என அவர் முடிக்கின்றார்.

இம்முடிவை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நூறு குடும்பங்களுக்கு 16 பவுண் என்பது அற்பமன்று. அதனை மறுக்கும் உரிமை 1,800 பவுண் பெறுபவனுக்கு உண்டா என்பது நேர்மையான வினா. தம் பட்டறையில் மேலாளர் சிலருக்கு இலாபப் பங்கு கொடுத்தவர், ஏனையோருக்கு வழமையான கூலி முறையையே கைக்கொண்டார். எனினும், கணக்கைப் போட்டார். தமது பெயரையும் அதில் ஓர் எண்ணாக எழுதினார். சமூகத் தொழின்முயற்சி பற்றிய திட்டங்களில் நான் தேடியும் பெரும்பாலும் காணாதது இந்த ஒரு பக்கமே.

'எங்குமில்லா நாட்டுச் செய்திகள்' (1890) என்ற அவரது புனைகதை இச்சிக்கலுக்கு விலையையே ஒழித்து விடை காண்கின்றது. வருங்கால இலண்டனிற் கடைக்குச் செல்பவனுக்குச் சிறுவர்கள் பணமின்றிப் பொருளை எடுத்துக் கொடுக்கின்றனர். குப்பை அள்ளுபவர் பொற்கோலமிட்ட உடையில் உலாவுகின்றார். கலைப்படைப்பு என்ற வகையில் இப்பகுதிகள் சற்று இளகியவை. பெண்கள் புதிய சமுதாயத்திலும் பெரும்பாலும் உணவு பரிமாறுபவராகவே வருதல் நூலின் வெளிப்படையான குறை. நூலின் வலிமை, முதியவர் ஹமண்ட் கடந்த காலத்தை விளக்கும் உரையாடலில் உண்டு. பயன்படுத்துவதற்கன்றி விற்பதற்கென்றே பண்டங்கள் செய்யப்பட்டமையும், உலகச் சந்தை என்னும் பெரும்பசிக்காக இல்லாத தேவைகள் உண்டாக்கப்பட்டமையும், தாழ்ந்த சரக்கு பிற மக்களின் மீது திணிக்கப்பட்டமையும் அங்கு தெளிவுறப் பேசப்படுகின்றன. ஐரோப்பியரும் அமெரிக்கரும் ஓரிரு முறை உடுத்துக் கழித்த ஆடைகள் கானாவின் அக்ரா நகரிலுள்ள கண்டமந்தோ சந்தையில் வந்து குவிவதையும், சிலியின் அற்றக்காமாப் பாலைவனத்திற் கொட்டப்படுவதையும் அறிந்த இன்றைய வாசகனுக்கு அவ்வுரையாடல் பழைய செய்தியாகத் தோன்றாது. மொறிஸின் கம்பனி 1940இற் கலைக்கப்பட்டது. அவரது கோலங்கள் 2018இல் எச் அன்ட் எம் நிறுவனத்தின் மலிவு ஆடைகளில் அச்சேறின.

மொறிஸின் மரபு இலங்கையை வந்தடைந்தமைக்கு ஆனந்த குமாரசுவாமி முக்கிய காரணர். மொறிஸைப் பின்பற்றிய சீ. ஆர். அஷ்பீ 1888இற் கிழக்கு இலண்டனிற் கைவினைஞர் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினார். உலோகமும் மரமும் அதன் தொழில், துணியன்று. 1902இல் அது கிராமப்புறத்துக்குப் பெயர்ந்தது. அதன் பாணியைப் பெரிய கடைகள் மலிவாகப் போலி செய்யவே, ஐந்தாறு ஆண்டுகளில் முறிந்தது. குமாரசுவாமி, மொறிஸ் பயன்படுத்திய அதே அச்சியந்திரத்தில் தமது 'மத்தியகாலச் சிங்களக் கலை' நூலை அச்சிட்டு 1908இல் முடித்தார். 1905இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தலைவராக இருந்தபோது, ஐரோப்பிய உடையைக் கண்மூடிப் பின்பற்றுதலைக் கண்டித்து 'இரவல் இறகுகள்' என்ற சிறுநூலையும் எழுதினார். காலனித்துவச் சூழலில் அக்கண்டனத்துக்கு முற்போக்கான ஒரு பணி இருந்தது. ஆனால், மொறிஸிடமிருந்து கைவினையை எடுத்துக்கொண்ட குமாரசுவாமி கூலிக் கணக்கை விட்டுவிட்டார். பரம்பரைத் தொழிலையும் நிலமானிய ஊழியத்தையும் அவர் இலட்சியப்படுத்திய பக்கங்களைச் சாயவேர் தோண்டியவரின் வழிவந்தோர் எவ்வாறு வாசிப்பர் என எண்ணிப் பார்க்கத் தோன்றுகின்றது.

கதரியக்கம் இவ்விடயத்தில் ஒருபடி முன்னே சென்றது. 1927இல் இலங்கைக்கு வந்து கதர் நிதி திரட்டிய காந்தி, 1935இல் அகில இந்திய நூற்போர் சங்கம் நூற்பவருக்கு வாழ்வுக்குப் போதிய கூலி கொடுத்தாக வேண்டுமென வற்புறுத்தினார். கதரின் விலை உயரும் என்ற எதிர்ப்பு அவ்வியக்கத்தினுள்ளிருந்தே கிளம்பியது. மொறிஸ் கண்ட அதே முரண்பாடு, இம்முறை கொள்கை விவாதமாகவே பகிரங்கமாயிற்று.

நமது நாட்டில், 1970–77 காலத்தின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கைத்தறிக்கு ஒரு சந்தையை அளித்தன. 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு அது சரிந்தது; மருதமுனை போன்ற நெசவூர்கள் அதன் தாக்கத்தை அறியும். 1978இற் கட்டுநாயக்காவில் வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. தைத்த ஆடை ஏற்றுமதியின் தலைமைப் பண்டமாயிற்று. அதனைத் தைப்பவருட் பெரும்பாலானோர் பெண்கள். 2006இல் 'குற்ற உணர்வற்ற ஆடைகள்' என்ற முழக்கம் அத்துறையினரால் முன்வைக்கப்பட்டது. 2008இல் துல்கிரியவிற் 'பசுமைத் தொழிற்சாலை' எழுந்தது. சிறுவர் உழைப்பு இன்மையும் மின்சாரச் சிக்கனமும் உண்மையான பேறுகளே. 2013 ஏப்ரலில் வங்காளதேசத்தின் றானா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டதை நினைக்கும்போது, பாதுகாப்பான கட்டடத்தை எள்ளி நகையாட எவராலும் இயலாது. ஆனால், 2020இல் நோய்த்தொற்றுப் பரவியபோது மேலைநாட்டுக் கொள்வனவாளர் பலர் கொடுத்த கட்டளைகளையே இரத்துச் செய்தனர். துணி வெட்டித் தைக்கப்பட்டிருந்தும் பணம் வரவில்லை. அந்த இழப்பு யார் தலையில் விழும் என்பதைக் கட்டடத்தின் பசுமை தீர்மானிக்கவில்லை. கொள்வனவு ஒப்பந்தமே தீர்மானித்தது.

ஆகவே, மருதமுனையிலோ வேறெங்கோ கைத்தறியை நம்பி ஒரு சமூகத் தொழின்முயற்சியைத் திட்டமிடுவோர், சாயத்தைப் பற்றிய அத்தியாயத்துக்கு முன்னர் மொறிஸின் கடிதத்தைப் போன்ற ஒரு பக்கத்தை எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு புடைவைக்கு எத்தனை மணிநேரம். அம்மணிநேரத்துக்கு என்ன கூலி. அக்கூலியைக் கொடுத்தபின் வரும் விலையில் அதனை யார் வாங்குவார். முகாமையாளர் எவ்வளவு பெறுவார். கட்டளை இரத்தானால் எவர் பொறுப்பர். பணக்காரருக்கே விற்க முடியும் என்பது விடையாக வரலாம். அவ்வாறாயின் அதனை மறைக்காது எழுதுவதில் இழுக்கில்லை, மொறிஸ் மறைக்கவில்லை. அந்தப் பக்கத்தைத் திருத்தும் உரிமை தறியில் அமர்ந்திருப்பவருக்கு உண்டா என்பதில் மட்டும் மொறிஸின் பட்டறையிலிருந்து நமக்கு விடை கிடையாது. மேட்டன் அபியில் அக்கணக்கைப் போட்டவர் முதலாளி ஒருவரே. கம்பளம் முடிந்த பெண்களிடம் அதனை எவரும் காட்டியதாகத் தெரியவில்லை.