கடிகாரத்தை நம்ப முடியாத காடு

2013 ஜூலையில் வடக்கு வேல்ஸில் க்விடிர் காட்டை ஒட்டியுள்ள லான்ரூஸ்ட் என்ற சிற்றூரில், காட்டு மலைப் பாதைகளில் ஓடும் டிரெயில் ஓட்டத்துக்கான உலகச் சாம்பியன்ஷிப் நடந்தது. தூரம் 77 கி.மீ. ஆண்கள் பிரிவில் வென்றவர் பிரிட்டனின் ரிக்கி லைட்ஃபுட். பிழைப்புக்குத் தீயணைப்பு வீரர் வேலை பார்த்தவர். எடுத்துக்கொண்ட நேரம் சுமார் ஐந்தரை மணி. வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு நாலரை நிமிடத்துக்கும் குறைவு. தார்ச்சாலையில் அந்த வேகத்தில் 10 கி.மீ. ஓடி முடிப்பதே ஞாயிற்றுக்கிழமை ஓட்டக்காரர்கள் பலருக்கும் பெரிய சாதனை. அவர் அதைக் கல்லிலும் வேரிலும் ஏற்றத்திலும் 77 கி.மீ. வரை இழுத்துச் சென்றார். பெண்கள் பிரிவில் பிரான்ஸின் நதாலி மொக்லேர் முதலிடம் பிடித்தார்.

அடுத்த இரண்டே ஆண்டில் உலக மலை ஓட்டச் சாம்பியன்ஷிப்பும் அதே க்விடிர் காட்டுப் பகுதிக்கு வந்தது. இந்த முறை களம் பெட்டஸ்-இ-கோயிட். ஆண்களில் ஃப்ரெட் முசோபோ, பெண்களில் ஸ்டெல்லா செசாங் என இரு தங்கங்களையும் உகாண்டா அள்ளியது. செசாங்குக்கு அப்போது வயது 18. 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியின் 10,000 மீட்டரில் தங்கம் வென்றவரும் இவர்தான்.

பக்கத்திலேயே 1,085 மீட்டர் உயர ஸ்னோடன் சிகரம் நிற்கிறது. அப்படியிருந்தும் இரண்டு உலகப் போட்டிகளும் கான்வி நதிப் பள்ளத்தாக்கின் ஓரக் காட்டுக்கு வந்ததற்கு அங்குள்ள தரைதான் காரணம் என்பது என் கணிப்பு.

இந்தக் காடு ஆதிகாலத்திலிருந்து அப்படியே நிற்கும் காடு கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே ஈயமும் துத்தநாகமும் தோண்டினார்கள். சுரங்கக் கழிவு மேடுகளையும் இடிந்த கட்டடங்களையும் மரங்களுக்கு நடுவே இன்றும் பார்க்கலாம். முதல் உலகப் போரில் மரத்துக்குத் திண்டாடிய பிரிட்டன் 1919இல் வன ஆணையத்தைத் தொடங்கியது. நிலக்கரிச் சுரங்கங்களுக்கு முட்டுக்கட்டை வேண்டும், அடுத்த போருக்கும் மரம் வேண்டும் என்ற கவலையில் வேல்ஸின் பள்ளத்தாக்குச் சரிவுகளில் ஊசியிலை மரங்களை வரிசை வரிசையாக நட்டார்கள். வெட்டிய மரத்தை இறக்க லாரிப் பாதைகள் போட்டார்கள். சுரங்கத் தொழிலாளிகள் வேலைக்கு நடந்த ஒற்றையடிப் பாதைகள் ஏற்கெனவே இருந்தன. அதனால் ஒரே ஓட்டத்தில் அகலமான சரளைப் பாதை, ஒருவர் மட்டுமே போகக்கூடிய கல்பாதை, வேர்கள் பின்னிக் கிடக்கும் சரிவு என மூன்று விதமான தரையும் காலுக்குக் கீழே வந்துவிடுகின்றன.

ஆட்டத்தை நிர்ணயிப்பது இந்த மாற்றம்தான். லாரிக்காகப் போட்ட பாதை என்பதால் சரளைப் பாதையின் ஏற்றம் செங்குத்தாக இருக்காது. ஆனால் ஏற்றம் முடிவதே இல்லை. வளைவுக்குப் பின் இன்னொரு வளைவு, உச்சி கண்ணுக்கே தெரியாது. சாலை ஓட்டக்காரர் இங்கே செய்யும் தவறு தன் வழக்கமான வேகத்தைப் பிடிக்கப் பார்ப்பது. கைக்கடிகாரமும் துணைக்கு வராது. உயர்ந்த டக்ளஸ் ஃபிர் மரங்களின் கூரைக்கு அடியில், இரு பக்கமும் மலைச்சுவர் நிற்கும் இடத்தில், ஜிபிஎஸ் சிக்னல் முட்டி மோதித்தான் வந்து சேரும். கடிகாரம் காட்டும் வேகம் ஒரு நிமிடம் ஏறும், அடுத்த நிமிடம் இறங்கும். மூச்சை வைத்துத்தான் ஓட வேண்டும். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? அப்படியானால் ஏற்றத்தில் வேகம் சரி.

இறக்கம் இதைவிடக் கடினம். பிரிட்டனில் அதிக மழை பெறும் வட்டாரங்களில் இதுவும் ஒன்று. நனைந்த ஸ்லேட் கல்லின் மேல் மெல்லிய பச்சைப் பாசி, அதன்மேல் பழுத்து விழுந்த ஓக் இலை, இலைக்கு அடியில் பாதைக்குக் குறுக்கே ஒரு வேர். இத்தனையும் ஒரே தப்படிக்குள். இங்கே நீட்டி எட்டு வைத்தால் குதிகால் முதலில் விழும், தொடைத் தசை பிரேக் போடும், கால் வழுக்கும். தப்படியைக் குறுக்கி, கால்களை வேகமாக மாற்றி, பார்வையைப் பாதத்தில் வைக்காமல் சில மீட்டர் முன்னால் வைப்பவரே தப்புவார். தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும் வேலை அது. பழக்கமில்லாதவருக்கு மறுநாள் மாடிப்படி இறங்கவே கஷ்டமாக இருக்கும்.

தெற்கே மாவ்தாக் நதி இதற்கு நேர்மாறு. பார்மவுத்திலிருந்து டோல்கெத்லாய் வரை 1965இல் மூடப்பட்ட ரயில் தடத்தின் மேல் சுமார் 15 கி.மீ. பாதை. ரயிலுக்குப் போட்ட தரை என்பதால் ஏற்றமே தெரியாது. தொடக்கத்தில் 1867இல் திறந்த பார்மவுத் மரப்பாலம் வருகிறது. ஏறத்தாழ 700 மீட்டர் நீளம். பாலத்தில் மட்டும் ரயில் இன்றும் ஓடுகிறது, பக்கத்தில் நடப்பவர்களுக்குப் பலகைத் தளம். ஓடும்போது ஒவ்வொரு அடியும் பலகையில் தட்டிக் கேட்கும். அந்தச் சத்தம் சீராக இருக்கிறதா என்று கவனித்தாலே நம் கால் தாளம் எப்படி என்று தெரிந்துவிடும். தெற்கே காடர் இட்ரிஸ் மலை, வடக்கே கழிமுக நீர், நடுவே ஓக் மரங்கள். வேல்ஸில் கண்ணுக்கு இதைவிட நிறைவான ஓட்டப் பாதை இல்லை என்று துணிந்து சொல்வேன்.

ஆனால் அழகில் மயங்கித் திசையைத் தவறாகத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. இந்தக் கரையில் பெரும்பாலும் காற்று தென்மேற்கிலிருந்து, கடலிலிருந்து அடிக்கும். கடற்கரையில் தொடங்கி உள்நாட்டை நோக்கி ஓடினால் காற்று முதுகைத் தள்ளும். மாற்றி ஓடினால், களைத்துப்போன கடைசி கிலோமீட்டர்களில் மரநிழல் விட்டு வெட்டவெளிக்கு வரும்போது காற்று முகத்தில் அறையும், அதுவும் மறைப்பில்லாத பாலத்தில். மாரத்தானுக்குத் தயாராகிறவர் சீரான வேகத்தைப் பழக இதுவே சரியான பாதை. கடிகாரத்தை இங்கே நம்பலாம்.

அதே நதியின் மேற்பகுதியில் கோயிட் இ பிரெனின் காடு. இது பிரிட்டனில் மலைச் சைக்கிளுக்கென்றே தடங்கள் அமைத்த முன்னோடி மையம். ஓட்டத்துக்கும் அடையாளமிட்ட தடங்கள் உண்டு. 2025 மார்ச் இறுதியோடு அங்கிருந்த உணவகத்தையும் கடையையும் வேல்ஸ் இயற்கை வள அமைப்பு செலவைக் காட்டி நிறுத்தியது. தடங்கள் திறந்தே இருக்கின்றன. இருந்தாலும் மழையில் நனைந்து வருபவருக்குச் சூடாக ஒரு கோப்பை கிடைக்கும் இடம் இருந்தால்தான் புதியவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். அந்த முடிவு எனக்கு ஏற்புடையதாக இல்லை.

தென் வேல்ஸைப் பற்றிச் சொன்னால் கிட்டோ நித் பிரானை விட முடியாது. 1700இல் பிறந்து 1737இல் இறந்த ஆட்டிடையர். நியூபோர்ட்டிலிருந்து பெட்வாஸ் வரை 12 மைலை 53 நிமிடத்தில் ஓடி வென்று, வாழ்த்தி முதுகில் தட்டிய காதலியின் கையிலேயே சரிந்து இறந்ததாகக் கதை. கணக்கு பார்ப்போம். 12 மைல் 19.3 கி.மீ.; கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 45 விநாடி. 2024இல் வலென்சியாவின் சமதளத் தார்ச்சாலையில், நவீனக் காலணியோடு, யோமிஃப் கெஜெல்ச்சா அரை மாரத்தானை 57 நிமிடம் 30 விநாடியில் முடித்து உலகச் சாதனை படைத்தபோது அவர் வேகம் 2 நிமிடம் 43 விநாடி சொச்சம். 18ஆம் நூற்றாண்டின் குண்டும் குழியுமான பாதையில் கிட்டோ அந்த வேகத்தைத் தொட்டிருக்க வழியில்லை. தூரத்தையோ நேரத்தையோ ஊர் வாய் திருத்தியிருக்கும். ஆனால் கினன், ரோந்தா பள்ளத்தாக்குகளுக்கு இடையே லான்வினோ மேட்டில், காட்டுக்கு நடுவே உள்ள தேவாலயத்தில் அவர் கல்லறை உண்மை. 1958இல் பெர்னார்ட் பால்ட்வின் தொடங்கிய நோஸ் காலான் ஓட்டம் ஆண்டின் கடைசி இரவில் மவுன்டன் ஆஷில் அவர் நினைவாக நடக்கிறது. ஆடு மேய்த்துக் கால் பழகியவர் மேட்டுநில ஓட்டத்தில் தேர்ந்தவராகத்தான் இருந்திருப்பார். அதை நம்பத் தடையில்லை.

கார்டிஃபிலிருந்து பிரெக்கன் வரை 88 கி.மீ. நீளும் டாஃப் பாதை வசதியானது, நகரத்தின் மடியிலேயே தொடங்குவது. வை பள்ளத்தாக்கின் டின்டர்ன் காடுகள் இலையுதிர் காலத்தில் கண்கொள்ளாதவை. ஆனாலும் ஓட்டக்காரரை வளர்க்கும் களம் என்று பார்த்தால் என் தீர்ப்பு க்விடிருக்கே. பிரிட்டனில் வசிக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் மாவ்தாக் கரையில் சீரான வேகத்தைப் பழகுங்கள், பிறகு க்விடிருக்குப் போங்கள். லாண்டுட்னோ ஜங்ஷனிலிருந்து கான்வி பள்ளத்தாக்கு ரயில் லான்ரூஸ்ட், பெட்டஸ்-இ-கோயிட் இரண்டிலும் நிற்கிறது. ஒரு நிலையத்தில் இறங்கி, காட்டு வழியாக ஓடி, மற்ற நிலையத்தில் ரயில் ஏறலாம். அடிப்பாகம் ஆழமாகப் பிடிக்கும் காலணியும் மழைச்சட்டையும் கட்டாயம்.